வெறுங்கையோடு போகத் தெரியாதவள்

மலாவிக்குப் போவதற்கு முன்பு, எனக்கு ஆபிரிக்காவைத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அப்பா சாம்பியாவில் கணித ஆசிரியராக இருந்த ஆறு வருடத்தில் என்னுடைய பாற்பற்கள் முக்கால்வாசி அங்கேதான் விழுந்தன. நியாஞ்சா மொழியில் நலம் விசாரிப்பேன். சோளமாக் களியை விரலால் உருட்டிச் சாப்பிடுவேன். அதனால் எங்கள் தென் லண்டன் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில், மலாவியில் இருக்கிற ஒரு பங்குக்கு நாலு பேரை அனுப்பப்போகிறோம் என்று சுவாமி அறிவித்தபோது, மற்றவர்கள் மர வாங்கிலிருந்து எழும்ப முன்னமே நான் போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

போவது உதவி செய்ய அல்ல, கற்றுக்கொள்ள. அந்தப் பங்கில் வெளிநாட்டுக் காசும் இல்லை, அரசாங்கத்தின் கையும் எட்டாது. நோயாளி, தனியாள், விதவை என்று ஒருவரையும் விடாமல் கோயில் சனமே பார்த்துக்கொள்கிறது என்று, ஒருமுறை எங்களிடம் வந்துபோன மலாவிச் சுவாமி சொல்லியிருந்தார். அது எப்படி என்று பார்த்துவர வேண்டும். வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"குடுக்கப் போறியள் எண்டால் விளங்குது. இஞ்சை இருந்து மலாவிக்கு ரியூசனுக்குப் போறியளோ?"

"ஓம், ரியூசனுக்குத்தான். உங்களுக்கும் ஒரு சீட் போடட்டோ?" என்றேன். மனிதர் திரும்பவும் பேப்பரை விரித்துக்கொண்டார்.

அவரிடம் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. அது லண்டனின் சட்டன் பக்கத்தில் இருந்த ஓர் அக்கா. எனக்குச் சொந்தமில்லை. மன்னார்க்காரி, ஜேர்மனியில் பதினைந்து வருடம் இருந்துவிட்டுக் கணவரோடு லண்டனுக்கு வந்தவர். இருவரும் சட்டனில் ஒரு சின்னப் பலசரக்குக் கடை வைத்திருந்தார்கள். நான் முதல்முதல் அந்தக் கடைக்குப் போனது கறிவேப்பிலை வாங்க. வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் கறிவேப்பிலையோடு ஒரு பிடி பச்சை மிளகாயும் இரண்டு தேசிக்காயும் கிடந்தன. வாங்கினதோடு மட்டும் ஒருவரையும் போகவிடமாட்டார். "கொண்டு போ பிள்ளை, கிடந்து காயத்தானே போகுது" என்பார். கிடந்து காய்கிற சாமான் எதுவும் அந்தக் கடையில் இருந்ததை நான் கண்டதில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு எங்களுக்குத் தமிழ்ப் பூசை. பூசை முடிய, மண்டபத்தில் கொண்டைக்கடலையும் பிளேன்ரீயும். அந்தக் கடலை அக்காவின் கடலை. தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்து, இரண்டு பெரிய சட்டியில் கொண்டுவருவார். பிரசங்கத்தின்போது நித்திரை கொள்கிறவர்கள்கூடக் கடலைக்கு முழித்துவிடுவார்கள். எனக்கு லண்டனில் கூடப்பிறந்தவர்கள் இல்லை. பிரசவத்துக்கு நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மருந்துச் சரக்கு அரைத்துக் கறி வைத்துக் கொண்டுவந்தவர் இந்த அக்காதான்.

பிறகு அவருடைய கணவர் செத்துப்போனார். கடை மூடப்பட்டது. முழங்காலும் விட்டுவிட்டது. பிள்ளைகள் இல்லை. ஒற்றை அறை பிளாட் ஒன்றை நகர கவுன்சில் கொடுத்தது. அந்த நேரத்தில் தமிழ்ப் பூசைக்கு யார் என்ன செய்வது என்று பட்டியல் எழுதுகிறவள் நான். அக்காவுக்குச் சிரமமாக இருக்கும் என்று நினைத்து, அவரைக் கேட்காமலே கடலையை வேறொரு குடும்பத்தின் பெயரில் எழுதினேன். ஒரு அன்பில் செய்த வேலை. இரண்டு மாதம் அக்கா வந்து, மற்றவர்கள் கொண்டுவந்த கடலையைக் கிண்ணத்தில் வாங்கிக்கொண்டு ஓரமாக இருந்தார். மூன்றாம் மாதம் வரவில்லை. அதன்பிறகு வரவேயில்லை. பஸ்ஸுக்கு ஏலாமல் இருக்கும் என்று பேசிக்கொண்டோம். கார் அனுப்பினோம், தலையிடி என்று சொல்லிவிட்டார். எப்படியாவது அவரைத் திரும்பக் கோயிலுக்குக் கொண்டுவர வேண்டும், அதற்கு என்ன வழி என்று பார்த்துக்கொண்டு வரவேண்டும் என்றுதான் நான் மலாவிக்குப் போனேன்.

போகும்போது ஒரு பயணப்பை நிறையச் சாமான் கொண்டுபோனேன். பிஸ்கற் பேணிகள், துவாய்கள், நோவுத் தைலம், பேனைகள், வாசிக்கிற கண்ணாடிகள். ஒன்றும் கொண்டுவர வேண்டாம் என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். அது அவர்களுடைய பண்பு என்று நான் விளங்கிக்கொண்டேன். வேண்டாம் என்றால் வேண்டும் என்று எடுத்துக்கொள்வதில் எங்கள் ஆட்களை யாரும் வெல்ல முடியாது.

அங்கே கோயில் என்பது தகரக் கூரை போட்ட செங்கல் கட்டடம். மாமரத்தில் தொங்கவிட்ட பழைய லொறிச் சில்லு வளையம்தான் மணி. கோயில் சனத்தைச் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்திருந்தார்கள், பதினைந்து இருபது வீட்டுக்கு ஒரு அன்பியம். எங்களைப் பொறுப்பெடுத்த அன்பியத்தின் தலைவிக்கு என்னிலும் ஐந்தாறு வயது குறைவு. பூப்போட்ட துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, றப்பர்ச் செருப்போடு, நான் மூச்சு வாங்கும் வேகத்தில் நடப்பார். அங்கேயும் அதே மொழிதான் என்பதால் நான் நியாஞ்சாவில் நலம் விசாரித்தேன். அவர் சந்தோஷப்பட்டுவிட்டு, நல்ல ஆங்கிலத்தில் பதில் சொன்னார். அதற்குமேல் என் நியாஞ்சா தேவைப்படவில்லை.

முதல் வியாழக்கிழமை பின்னேரம் வீடுகளுக்குப் போகப் புறப்பட்டோம். நான் பயணப்பையைத் தோளில் போட்டுக்கொண்டேன். தலைவி அதைக் கழற்றி, கோயில் வாங்கின் கீழே தள்ளிவிட்டார்.

"இன்றைக்குக் கையில் ஒன்றும் வேண்டாம்."

"ஒரு பிஸ்கற் பேணி மட்டும்?"

"ஒன்றும் வேண்டாம்."

எனக்கு அந்தரமாகப் போய்விட்டது. நான் வளர்ந்த வீட்டில் வெறுங்கையோடு இன்னொரு வீட்டு வாசலை மிதிக்கமாட்டோம். சாம்பியாவில் ஒருமுறை, நாற்பது மைல் தள்ளியிருந்த இன்னொரு தமிழ் ஆசிரியர் வீட்டுக்குப் புறப்பட்டுப் பாதி வழி போனபிறகு, பிஸ்கற் பேணியை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தது அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. அப்பா காரைத் திருப்பிக்கொண்டு வந்து பேணியை எடுத்தார். திரும்பவும் அந்தச் செம்மண் ரோட்டில் முதலில் இருந்து ஓட்டினார். யாரும் அதை அதிசயமாக நினைக்கவில்லை.

முதல் வீட்டில் ஒரு மனிதர், முன்பு தையல்காரர். காலில் ஆறாத புண், துணி சுற்றியிருந்தது. லண்டனிலிருந்து வந்த மற்ற மூவரும் வேறு வீடுகளுக்குப் போக, நானும் தலைவியும் அன்பியத்து ஆட்கள் மூன்று பேரும் பாயில் இருந்தோம். அவர் தடியை ஊன்றி எழும்பி, உள்ளே போய் ஒரு எனாமல் கிண்ணத்தில் கச்சான், கோதோடு அவித்த வேர்க்கடலை, கொண்டுவந்தார். அந்த வீட்டில் வேறு சாப்பாட்டுச் சாமான் எதுவும் என் கண்ணில் படவில்லை. கிண்ணம் என்னிடம் வந்தபோது இரண்டே இரண்டு கச்சான் எடுத்துவிட்டு மற்றவருக்குக் கொடுத்தேன். மற்றவர்கள் எல்லாரும் கை நிறைய எடுத்தார்கள். கதைத்தார்கள், சிரித்தார்கள், கோதைக் குவித்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கிழிந்த சட்டைகள் நாலைந்தை அவரிடம் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமைக்கு முன் தைத்துத்தர முடியுமா என்று கேட்டார்கள். புண்ணைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வெளியே வந்ததும் தலைவி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் இரண்டு எடுத்தாய்?"

"அவரிடம் இருந்ததே அவ்வளவுதானே."

"இன்றைக்கு முழுக்க அவர் யோசிப்பார், தன்னுடைய கச்சானில் என்ன பழுது என்று."

அடுத்த வீட்டில் ஒரு பெண், இடுப்புக்குக் கீழே அசைவில்லை. வாசலை நோக்கிப் பாயில் படுத்திருந்தார். வாசலுக்கு நேரே குழாய்க்கிணறு. காலையில் தண்ணீருக்கு யார் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பது அவருடைய வேலை. யார் வரவில்லை என்று அவர் சொன்னால், மத்தியானத்துக்குள் இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். படுத்த படுக்கையாகக் கிடக்கிற அந்த மனுசிதான் அந்த அன்பியத்தின் கண். எனக்கு அவித்த பூசணிக்காய்த் துண்டு ஒன்று தந்தார். அதை முழுதாகச் சாப்பிட்டேன், தலைவிக்குப் பயந்து.

நடக்கும்போது தலைவி விளக்கினார். "முதல் மூன்று தடவை நீ சாப்பிடத்தான் போகிறாய். நாலாவது தடவை என்ன வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். தையல்காரர் போன தடவை எங்களிடம் சொல்லிவிட்டார், அடுத்த கிழமை அவரைச் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். முதல் நாளே நாங்கள் பையோடு போயிருந்தால், பையில் இருந்ததை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லியிருப்பார். கால் அழுகிப் போயிருக்கும்."

ஒரு பின்னேரம், மாமரத்தின் கீழே கைகழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, என் அக்காவைப் பற்றி அவரிடம் சொன்னேன். கடை, கடலை, கணவரின் சாவு, கோயிலுக்கு வராமல் விட்டது எல்லாம். இங்கே என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"அந்தக் கடலை அவ்வளவு நல்லதா?"

"அது மாதிரி வேறு இல்லை."

"அப்படியானால் சுலபம். போய்ப் பசிக்கிறது என்று சொல்."

பகிடி விடுகிறார் என்று நானும் சிரித்தேன்.

நான் ஒரு கவுன்சில் அலுவலகத்தில் இருபது வருடத்துக்கு மேல் படிவங்களோடு கிடந்தவள். அந்தப் பத்து நாளில் ஒரு கொப்பி முடிய எழுதினேன். வீட்டுச் சந்திப்புக்கு ஒழுங்குமுறை, இரண்டு பேராகப் போவது, வராதவரைத் தேடுவது எல்லாவற்றுக்கும் தலைப்புப் போட்டு, எது எங்களுக்குப் பொருந்தும் என்று ஓரத்தில் சரி அடையாளம் போட்டேன். "வெறுங்கையோடு போவது, அங்கே சாப்பிடுவது" என்று ஒரு வரி. அதன் பக்கத்தில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "எங்கட ஆக்களுக்குச் சரிவராது." அந்தப் பக்கத்தை இப்போது பார்த்தால், அந்தக் கையைப் பிடித்து முறுக்க வேண்டும்போல் வருகிறது. மலாவி வரைக்கும் போய், அவர்கள் எனக்குச் சொல்லித்தந்த ஒரேயொரு விஷயத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

லண்டனுக்கு வந்து மண்டபத்தில் படம் காட்டினேன். ரோல்ஸும் பற்றீஸும் கொடுத்தோம். எல்லாரும் கை தட்டினார்கள். ஒரு மாதத்தில் வட்ஸ்அப் குழு, ஆறு சமையல்காரிகள், யார் எந்தக் கிழமை எங்கே போவது என்று நிறம் தீட்டிய அட்டவணை. லூயிஷாமில் இரண்டு வீடு, சட்டனில் மூன்று வீடு. முதல் பெயர் அக்காவுடையது.

பெட்டி விஷயத்தில் நான் ஒற்றைக்காலில் நின்றேன். ரேக்அவே பெட்டியில் கொண்டுபோகலாம், எறிந்துவிட்டுப் போகட்டும் என்று ஒருவர் சொன்னார். "பிச்சை போடவோ போறம்?" என்று கேட்டு அவரின் வாயை அடைத்தேன். நீல மூடி போட்ட, தடித்த, நல்ல பெட்டிகளாகப் பார்த்து வாங்கினேன். மரியாதையாகக் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். எறிகிற பெட்டியாக இருந்திருந்தால் அக்கா அதை எறிந்திருப்பார், அதோடு போயிருக்கும். நல்ல பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எங்கள் ஆட்களில் யாருமே இன்னொரு வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கமாட்டோம். ஒரு பிடி சீனியாவது உள்ளே இருக்க வேண்டும். இது எனக்குத் தெரியாததா? அம்மாவின் வயிற்றில் இருந்தே தெரியும். இருந்தும் அட்டவணை எழுதும்போது ஒரு நிமிசம்கூட என் மண்டையில் அது ஏறவில்லை.

முதல் நாள் நானே போனேன். அக்கா கதவைத் திறந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"எடி பிள்ளை, நீயே! வா, வா, உள்ளுக்கு வா. தேத்தண்ணி போடுறன்."

"ஐயோ வேண்டாம் அக்கா, கரைச்சல்படாதேங்கோ. காரை நிப்பாட்டக்கூடாத மஞ்சள் கோட்டிலை விட்டிட்டு வந்தனான். இன்னும் ரெண்டு வீட்டை போகவேணும்."

பையைக் கையில் கொடுத்தேன். மலாவியில் படித்தது, இனி ஒவ்வொரு கிழமையும் வரும் என்று பெருமையாகச் சொன்னேன். அக்கா பையைப் பார்த்தார். "அப்பிடியே?" என்றார். அவர் பின்னால் குசினியில் கேத்தில் ஏற்கனவே இரைந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டும் படியிறங்கிவிட்டேன்.

அடுத்த கிழமையும் நான்தான். அக்கா முதல் பெட்டியைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். தூக்கினால் பாரமாக இருந்தது. திறந்தேன். றப்பர் பாண்ட் போட்ட அரைப் பைக்கற் தேயிலை, அதன் பக்கத்தில் கடதாசியில் சுற்றிய சீனி. அவருடைய குசினி அலுமாரியில் இருந்த தேயிலை அவ்வளவுதான் என்று எனக்கு விளங்கியது. விளங்கியபடியால் நெஞ்சு உருகிப்போய், வாழ்க்கையில் நான் செய்த மிக மோசமான வேலையைச் செய்தேன்.

"என்னக்கா இது? உங்களிட்டை இருந்து வாங்கவோ நாங்கள் வாறம்? வைச்சுப் பாவியுங்கோ."

தேயிலையையும் சீனியையும் வெளியே எடுத்து மேசையில் வைத்துவிட்டு, வெறும் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டேன். அக்கா மேசையைப் பார்த்தபடி நின்றார்.

"சரி பிள்ளை," என்றார்.

அதற்குப் பிறகு கதவு திறக்கவில்லை. அட்டவணைப்படி போனவர்கள் மணி அடித்துப் பார்த்துவிட்டுக் குழுவில் எழுதினார்கள். ஆள் இல்லைப் போலை. கதவுக் கண்ணாடியிலை வெளிச்சம் தெரியுது, ஆனால் வரேல்லை. நான் பதில் எழுதினேன்: "நித்திரையாக்கும். கைபிடியிலை தொங்கவிட்டிட்டு வாங்கோ." ஒவ்வொரு கிழமையும் தொங்கவிட்டோம். அடுத்த கிழமை போகும்போது பை இருக்காது. எடுத்துக்கொள்கிறாதானே, சாப்பிடுகிறாதானே என்று திருப்திப்பட்டோம். பெட்டி மட்டும் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

மாசி மாதம் அளவில் ஒரு சமையல்காரி குழுவில் முறைப்பட்டார், தன்னிடம் இருந்த பெட்டியெல்லாம் முடிந்துவிட்டது என்று. அன்றைக்கு நான் எதிலோ எரிச்சலாக இருந்தேன். போனை எடுத்து அக்காவுக்கு நேரே ஒரு செய்தி அனுப்பினேன்.

"அக்கா, பெட்டியள் வெறுமனே எண்டாலும் காணும். கதவுக்கு வெளியிலை வையுங்கோ, நாங்கள் எடுக்கிறம்."

வாசித்துவிட்டார் என்று இரண்டு நீலக் கோடு விழுந்தது. வெறும் பெட்டியை வாசலில் வை என்று, தன் கடையில் ஒருவரையும் வெறும் பையோடு போகவிடாத மனுசிக்கு நான் எழுதினேன். அந்தச் செய்தி இன்னும் என் போனில் கிடக்கிறது. அழிக்க மனம் வரவில்லை, திறந்து பார்க்கவும் துணிவில்லை.

விருப்பமில்லாத ஆளை வில்லங்கப்படுத்தக் கூடாது என்று குழு முடிவெடுத்தது. அக்காவின் பெயரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு வீட்டைப் போட்டேன். ஐந்து மாதம் அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. நானும் போகவில்லை. வேலை, கலியாண வீடு, செத்த வீடு என்று எனக்குச் சாட்டு நிறைய இருந்தது.

மலாவித் தலைவிக்கு மாதம் ஒருமுறை எங்கள் முன்னேற்றத்தை அனுப்பிக்கொண்டிருந்தேன். இத்தனை வீடு, இத்தனை சாப்பாடு, படங்கள் எல்லாம். ஆடி மாதத்தில் ஒருநாள் அவரிடமிருந்து குரல் செய்தி வந்தது. பின்னால் கோழி கத்துகிற சத்தம். உங்கள் வேலையைக் கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது, கடவுள் ஆசீர்வதிக்கட்டும் என்று தொடங்கி, கடைசியில் சாதாரணமாகக் கேட்டிருந்தார்.

"உன் அக்கா வீட்டில் என்ன சாப்பிட்டாய்? அதை மட்டும் நீ எழுதவேயில்லை."

பஸ்ஸில் இருந்தபடி அதைக் கேட்டேன். திரும்பப் போட்டுக் கேட்டேன். பதில் அனுப்ப என்னிடம் ஒரு தேத்தண்ணிகூட இல்லை. மாமரத்தின் கீழே அவர் பகிடி விடவில்லை என்பது, பத்து மாதம் கழித்து, அந்த பஸ்ஸுக்குள் எனக்கு உறைத்தது. அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி டிஷூ எடுத்து நீட்டினார்.

அடுத்த சனிக்கிழமை காலை சட்டனுக்குப் போனேன். ஸ்ரேசனுக்கு வெளியே பழக்கடையில் நல்ல வாழைப்பழம் தொங்கியது. கால் தானாக நின்றது. ஒரு சீப்பு மட்டும், வெறும் மரியாதைக்கு என்று மனம் சொன்னது. இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு கடந்து போனேன். அக்காவின் மாடிப்படி ஏறும்போது, உடுப்பில்லாமல் போவதுபோலக் கூச்சமாக இருந்தது. என்ன சொல்வது என்று பாடமாக்கி வைத்திருந்தேன். அக்கா, பசிக்குது. கடலை அவிச்சுத் தாறியளோ? அடுத்த தமிழ்ப் பூசைக்கும் நீங்கள்தான் அவிக்கவேணும். அவ்வளவுதான்.

மணி அடித்தேன். உடனே கதவு திறந்தது. அக்கா வேறு யாரையோ எதிர்பார்த்திருக்கிறார், முகத்தில் தெரிந்தது.

"நீயே பிள்ளை. வான்காரனாக்கும் எண்டு நினைச்சன்."

அவருக்குப் பின்னால் அறை முழுக்க அட்டைப்பெட்டிகள், பிளாஸ்டர் ஒட்டி, கறுப்புப் பேனையால் எழுதி. கட்டிலைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள்.

"எங்கையக்கா போறியள்?"

"ஜேர்மனிக்கு. என்ரை தம்பியிட்டை. அவனுக்கும் பெஞ்சாதி போயிட்டா. சமைச்சுக் குடுக்க ஆளில்லை." ஒரு பெட்டியின் பிளாஸ்டரை அழுத்தி ஒட்டிக்கொண்டு சொன்னார், "வரச்சொல்லிக் கேட்டவன்."

அவருக்குச் சொல்லிக்கொள்ளக்கூட ஆள் இல்லை என்று ஒருகணம் நினைத்தேன். பிறகு, சொல்லிக்கொள்ளக்கூடிய ஆட்களில் முதல் ஆள் நான்தான் என்பது ஞாபகம் வந்தது.

"நீ வந்ததும் நல்லதாப் போச்சு. தபாலிலை அனுப்பவோ, கோயில் வாசலிலை வைச்சிட்டுப் போகவோ எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனான்."

சன்னலுக்குக் கீழே இரண்டு பலமான பைகள் இருந்தன. அதற்குள் நீல மூடிப் பெட்டிகள், பதினொன்று. ஒவ்வொன்றிலும் ஏதோ இருந்தது. சீனி, பயற்றம் பணியாரம், வறுத்த மிளகாய்த்தூள், பேரீச்சம்பழம், ஊறுகாய். ஒவ்வொரு மாதமும் ஒன்று அல்லது இரண்டு என்று, கையில் கிடைக்கக் கிடைக்க நிரப்பி வைத்திருக்கிறார். அந்த வெறும் பெட்டிச் செய்தியை வாசித்த பிறகும் நிரப்பியிருக்கிறார். மேலே இருந்த பெட்டி என் கையில் சுட்டது. மூடியின் உட்பக்கம் ஆவி பிடித்திருந்தது.

"கடலை. விடியத்தான் அவிச்சன், சட்டியைக் கட்ட முதல். வீட்டை கொண்டுபோய்ச் சாப்பிடு."

பாடமாக்கிய வசனத்துக்கு இனி இடமில்லை. நான் வேறொன்றைக் கேட்டேன்.

"அக்கா, எனக்கு ஒரு தேத்தண்ணி போட்டுத் தாறியளோ?"

அக்கா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். குசினிப் பக்கம் திரும்பி, திரும்பவும் என்னைப் பார்த்து, உண்மையாகவே கவலைப்பட்டார்.

"ஐயோ பிள்ளை, கேத்திலைக் கட்டிப்போட்டனே."

"பரவாயில்லையக்கா. இதிலை இருந்து கடலையைச் சாப்பிடுறன்."

கீழே ஹோர்ன் சத்தம் கேட்டது. அக்கா சன்னலால் எட்டிப் பார்த்தார். "வான் வந்திட்டுது. நீ வெளிக்கிடு, பிள்ளை, உனக்கு இன்னும் ரெண்டு வீட்டை போகவேண்டிக் கிடக்கும்." குத்திக் காட்டச் சொன்னதில்லை அது. அக்காவுக்கு அப்படிக் குத்தத் தெரியாது. என் வேலைகளை நினைத்துத்தான் சொன்னார். ஒரு பெட்டியையாவது வைத்திருங்கள் அக்கா என்று கேட்டேன். எல்லாம் கிடக்கட்டும், கொண்டு போ என்று சொல்லி, பைகளின் காதுகளை என் இரண்டு கையிலும் மாட்டிவிட்டார். என் கன்னத்தை ஒருமுறை தடவினார். வான்காரன் கட்டில் பலகையோடு நின்றபடியால் நான் ஒதுங்கி வழிவிட வேண்டியிருந்தது. அப்படியே படியில் இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பைகளைக் குசினி மேசையில் வைத்தேன். கணவர் மேல்பெட்டியைத் திறந்து நின்றபடியே ஒரு பிடி வாயில் போட்டார்.

"அட, இது சட்டன் அக்காவின்ரை கடலை எல்லே? ஆள் சுகமே? வீட்டை போனனீரே?"

"போனனான்."

"இருந்து கதைச்சனீரே?"

நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் அதே மணம். எங்கள் பூசைக்கு இனி அந்தக் கடலை வராது. ஜேர்மனியில் ஒரு மனிதர், எனக்குச் செய்யத் தெரியாத ஒரு காரியத்தைச் சுலபமாகச் செய்துவிட்டார். பசிக்கிறது, வா என்று அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார்.

அந்தக் கிழமையே மலாவிக்குப் பதில் அனுப்பினேன். படம் அனுப்பவில்லை, அட்டவணை அனுப்பவில்லை. நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்று குரலில் சொன்னேன். அக்கா வீட்டில் நான் ஒன்றும் சாப்பிடவில்லை. ஒருநாளும் சாப்பிடவில்லை.